எடுத்துக்கொண்டு போக ஏலாது

பையில் போட்ட பியர் போத்தல்களைத் துசியந்தி ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே எடுத்தாள்.

"இதை எடுத்துக்கொண்டு போக ஏலாது, தம்பி. மறந்துபோனன். சட்டம் மாறியிட்டுது."

நிசாந்தன் நம்பாமல் பார்த்தான். லண்டன் செவன் கிங்ஸில் அவளுடைய சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த பிளாட்டில்தான் அவனும் மனைவி கோசிகாவும் குடியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் இறங்கிவந்து கொத்துரொட்டியும் பியரும் கட்டிக்கொண்டு போவான். இன்று கொத்து அவனுக்கு மட்டும்தான், கோசிகாவுக்குச் சூப். அவளால் எதையும் கடிக்க முடியவில்லையாம்.

"போன கிழமையும் கொண்டுபோனனான் தானே, அக்கா?"

"கொரோனா நேரம் ரெஸ்டோரண்டுகளுக்குக் குடுத்த சலுகை அது. இப்ப முடிஞ்சுது. தனி லைசென்ஸ் இல்லாமல் மூடின போத்தலை வாசலுக்கு வெளியாலை விட ஏலாது. கவுன்சில்காரர் பிடிச்சால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இஞ்சை இருந்து குடிக்கிறதெண்டால் குடியும்."

"எனக்கு வீட்டை இருந்துதான் குடிக்கவேணும்."

"அப்ப மூலைக் கடையிலை வாங்கும்." அவள் குரலை உயர்த்தினாள். "ஓ, அவங்கள் உம்மை உள்ளுக்கை விடுறேல்லை, என்ன? கதவுக் கண்ணாடியை உடைச்சனீராமே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிசாந்தனின் முகம் கறுத்தது.

"வாயைப் பொத்தடி."

துசியந்தி பொத்தவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தால் அவன் கை அவளுக்கு எட்டியிராது. அவளோ அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, எல்லாருக்கும் தெரியும்படி கடையின் நடுவில் நின்றாள்.

"என்ரை கடை. நான் தரமாட்டன். என்ன செய்வீர்?"

அறை விழுந்த சத்தம், உள்ளே கொத்து அடிக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவள் தள்ளாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவ்வளவுதானோ?" என்றாள்.

அவன் அவளுடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தான். ரோல்ஸும் வடையும் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியில் அவள் முகத்தை மோதினான். கண்ணாடி நொறுங்கியது. நெற்றி பிளந்து இரத்தம் மூக்கு வழியாக வாய்க்குள் இறங்கியது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். முகத்தை மறைக்கக்கூட அவள் கையை உயர்த்தவில்லை.

கண்ணாடி நொறுங்கிய சத்தத்துக்கு அவள் கணவன் சிவானந்தன் குசினியிலிருந்து ஓடிவந்தார். கொத்து அடித்த தகடு கையிலேயே இருந்தது. மனைவி கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அதை ஓங்கினார்.

"அடியாதேங்கோ!" தரையிலிருந்து அவள் கத்தினாள். "நீங்கள் அடிக்கக் கூடாது!"

அவர் கை அப்படியே நின்றது. அதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் பாய்ந்து நிசாந்தனைச் சுவரோடு சேர்த்து அமுக்கினார்கள். திமிறியவன் இடித்ததில் கல்லாவிலிருந்த போத்தல்கள் உருண்டு விழுந்து உடைந்தன. கடை முழுவதும் பியர் வாடை.

பொலிஸ் வந்து விலங்கு மாட்டியது. முறைப்பாடு கொடுக்க விருப்பமா என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள், "ஓம், ஓம், கட்டாயம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் துசியந்தி. பிறகு ஆங்கிலத்தில் நிதானமாக, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நிசாந்தனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்புலன்சுக்குக் காத்திருந்தபோது சிவானந்தன் அவள் நெற்றியில் துவாயை அழுத்திப் பிடித்தார்.

"என்ன கேட்டவன்?"

"பியர். கட்டிக்கொண்டு போக."

"குடுத்திருக்கலாமே! அதுக்கு எங்களுக்கு லைசென்ஸ் இருக்குத் தானே? நீர்தானே அலைஞ்சு திரிஞ்சு எடுத்தனீர்?"

"ஓம், இருக்கு."

"பிறகேன் சட்டம் அது இது எண்டு சொல்லி அவனைக் கிளப்பினனீர்? ஆளைக் கொன்றுபோட்டிருப்பானே!"

துசியந்தி மேலே கூரையைப் பார்த்தாள். அங்கே யாரோ மெதுவாக நடக்கும் ஓசை கேட்டது. ஒரு கதவு திறந்தது.

"பொலிஸ் எத்தினை தரம் மேலை ஏறிப்போட்டு வெறுங்கையோடை இறங்கினது? ஒவ்வொரு தரமும் படியிலை விழுந்திட்டன் எண்டுதானே கோசிகா சொல்லுறவள்."

"அதுக்கு?"

"அவள் சொல்லமாட்டாள். நான் சொல்லுவன்."