பூட்டிய பீரோவில் ஏழு படம்

“எனக்குக் கோடுகூட நேரா வராதுங்க மேடம்,” என்று முதல் வாரம் மருந்துக்கடைக்காரி சொன்னதும் மனநல ஆலோசகர் சிரித்துவிட்டார்.

“நான் என்ன மார்க்கா போடப்போறேன்? கனவுல திரும்பத் திரும்ப வர்ற அந்த வீட்டை வாரத்துக்கு ஒரு படமா வரைங்க. அதுல பூட்டியே கிடக்குதுன்னீங்களே, அந்த மாடி ரூம்ல இருக்கிறது யாருன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்து தூரிகையும் சாயமுமாக வரைந்தாள். மருந்துக் கவரில் எழுதுவதுபோலவே படத்தின் பின்னால் குண்டு குண்டாகத் தேதி போட்டாள். ஆலோசகர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். ஆறிலும் மாடி ஜன்னல் மூடியே இருந்தது. சொந்த வீட்டு மாடி அறைமேல் அவளுக்குப் பதினெட்டு வருட ஆசை. அதில் கணவனின் பழைய ரேடியோக்கள் குடியிருந்தன. கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஏழாவது வாரம், வரையத் தொடங்குமுன், பீரோவைத் திறந்து படங்களைத் தரையில் பரப்பினார் ஆலோசகர். ஏழு இருந்தன.

“இதை எப்பம்மா வரைஞ்சீங்க?”

கடைசிப் படத்தைத் திருப்பினார். அவளுடைய குண்டு எழுத்தில் அன்றைய தேதி. சாயம் இன்னும் காயவில்லை. மாடி ஜன்னல் விரியத் திறந்து மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே தூரிகையோடு அவளே சிரித்தாள். கீழே நீலக்குடையோடு ஒருவன் அண்ணாந்து பார்த்தான்.

அவளுக்குப் பயம் வரவில்லை, நெஞ்சு துள்ளியது. ஆலோசகர் அறையின் ஜன்னலுக்கு ஓடினாள். அவளை அழைத்துப்போக ஒருநாளும் வராத கணவன், தெருவில் நீலக்குடையோடு நின்றான்.

“மழை வரும்போல இருந்துச்சு, வந்தேன். அதுக்கு ஏன்டி பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற? இறங்கி வா!”

கம்பியைப் பிடித்த அவள் விரல்களில் மஞ்சள் சாயம் ஈரமாக ஒட்டியிருந்தது. அந்தப் படத்தை அவள் தொடவேயில்லை.

“வர்றேங்க,” என்று தெருவே கேட்கக் கத்தினாள். “அந்த மாடி ரூம் எனக்கு வேணும்!”