மிச்சம் கிடந்த செருப்பு

மணல்திட்டில் இறங்குகிறவர்கள் செருப்பைப் படகிலேயே கழற்றிப் போட வேண்டும். என் படகில் அதுதான் சட்டம். அவர்கள் அள்ளிவரும் மணலைக் கூட்டுகிறவன் நான்தானே.

நேற்று கடல் ஏறத் தொடங்கியதும் எல்லாரையும் ஏற்றினேன். எல்லார் காலிலும் செருப்பு இருந்தது. ஆனால் வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி மிச்சம் கிடந்தது.

"யாரையாவது விட்டுட்டீங்களா?"

"எல்லாரும் இருக்கோம், கிளம்புங்கண்ணே."

தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. திட்டு முழுதும் முங்கும்வரை நின்று பார்த்தேன். அங்கே யாருமில்லை.

கரையில் டிக்கெட் கொடுக்கும் என் மனைவி, "முந்தின கூட்டத்துல எவளாவது விட்டிருப்பா. தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள். மனசு வரவில்லை. படகிலேயே விட்டுவைத்தேன்.

இன்று அதே திட்டு, வேறு கூட்டம். திரும்ப ஏற்றியபோதும் எண்ணிக்கை சரி. அவரவர் செருப்பை அவரவர் மாட்டிக்கொண்டார்கள். ஊக்குச் செருப்பைக் காணோம்.

தொல்லை விட்டது என்று இன்ஜினைக் கிளப்பினேன். படகு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

"ஏன் எல்லாரும் ஒரே பக்கமா அடைஞ்சு உக்காந்திருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

எல்லாரும் இடப்பக்கம் இருந்தார்கள். வலப்பக்கப் பலகை காலியாகக் கிடந்தது.

"அந்தப் பலகை ஈரமா இருக்குண்ணே, அதான் இங்க வந்துட்டோம்."