சத்தம் போடாத கார்

ஹட்டன் பக்கத்தில் மின்சாரக் காருக்குக் கைவைக்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் வினோஜன். அப்பேர்ப்பட்டவனுக்கே, அன்று காலை ஒரு பழைய நீலக் கார் கராஜுக்குள் வந்து தன் முதுகுக்குப் பின்னால் நின்றது தெரியவில்லை.

"தம்பி!"

துள்ளி விழுந்து திரும்பினான். நெற்றி நிறையக் குங்குமமும் மேலே ஒரு பச்சை ஸ்வெட்டருமாக ஒரு அம்மா இறங்கினார். பெயர் நாகலெட்சுமி என்றார்.

"பாத்தீங்களா? இதான் எனக்குப் பிரச்சினையே. இந்தச் சனியன் எப்ப வருதுன்னே தெரிய மாட்டேங்குது. எம் புருசன் இதுலதான் சுத்துறாரு. எங்க நிக்கிறாரு, எந்தப் பக்கமா வாறாருன்னு எனக்குப் போன்ல தெரியணும். ஏலுமா?"

வினோஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வீட்டு வம்பு என்றால் அவனுக்கு மத்தியானச் சோறே வேண்டாம்.

"ஏன் ஏலாது அக்கா? காருக்குள்ளயே போன் மாதிரி ஒரு பெட்டி இருக்கு. பழைய 3ஜி. இப்ப அந்த சிக்னலே இல்லாததால அது செத்துக் கெடக்கு. கழட்டிப்புட்டு 4ஜி பெட்டி ஒன்ன மாட்டி, சிம்மையும் செருகிட்டா, கார் போற வழியெல்லாம் உங்க போன்ல மெப்போட வந்துரும்."

"அவருக்குத் தெரியக் கூடாது தம்பி."

"அண்ணன் போன்ல அந்த ஆப்ப போடாம விட்டாப் போச்சு."

"அவருக்கு கோல் எடுக்கிறதத் தவிர ஒன்னும் தெரியாது. இன்னைக்கு கோர்ட்டுக்குப் போயிருக்காரு. அதுக்குள்ள முடிச்சிருங்க."

பெட்டி இருந்தது டேஷ்போர்டில் சாமான் போடும் லாச்சிக்குப் பின்னால். அதை எட்டுவதற்கு முன்சீட்டில் கிடந்த சீனி மூட்டைகளையும் ஈஸ்ட் பெட்டியையும் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருந்தது.

"கேக் ஓர்டரா அக்கா?"

"ஆமா தம்பி. நிக்க நேரமில்ல."

பாவம், வினோஜனுக்கு மனசு இளகிவிட்டது. இந்த அக்கா அடுப்படியில் வெந்து சாகிறார், அந்த மனுஷன் காரை எடுத்துக்கொண்டு எவள் வீட்டு வாசலில் நிற்கிறானோ! ஆத்திரத்தோடு லாச்சியை இழுத்தான். உள்ளே ஒரு கைவிலங்கு பளபளத்தது.

"அக்கா... அண்ணனுக்கு என்ன வேலை?"

"இன்ஸ்பெக்டர்."

ஸ்க்ரூட்ரைவர் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயகாந்தன்! அவரைத் தெரியாத தோட்டம் உண்டா? கள்ளத்தனமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் பொலிஸ் ஜீப் அடுத்த மலையில் ஏறும்போதே சத்தம் கேட்டு ஓடிவிடுவார்கள். அதனால் அவர் ஜீப்பை விட்டுவிட்டுத் தன் சொந்த மின்சாரக் காரில் தேயிலைக்குள் சத்தமில்லாமல் இறங்கி, சாராயமும் பானையுமாக ஆட்களை அமுக்கிக்கொண்டிருந்தார். டவுன் முழுக்க அதே பேச்சு.

"அக்கா, ஆள விடுங்க! அவருக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாரு. கராஜையும் இழுத்து மூடிருவாரு."

நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எத்தன நாளைக்குத் தம்பி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கிறது? ரோட்டு வளைவையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

பெண் அழுதால் வினோஜன் தாங்கமாட்டான். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினான். அக்காவின் போன் 'டிங்' என்றது. மெப்பில், அவன் கராஜின் மேலேயே ஒரு நீலப் புள்ளி வந்து உட்கார்ந்தது. அக்கா ஸ்கூல் பிள்ளை போலக் கைதட்டிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வினோஜனுக்கு வேலையே ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் தேடிப் போகிறவள் தலவாக்கலை டீச்சரா, நுவரெலியா நர்ஸா? பஸாருக்குப் போகும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனான். ஒரு குடும்பச் சண்டையும் வெடித்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பகலில் அந்த நீலக் கார் மறுபடியும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இறங்கியவர் இன்ஸ்பெக்டர் ஜெயகாந்தன்.

"உண்மையச் சொல்லணும்," என்று கராஜ் கதவைச் சாத்தினார்.

"ஐயா, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க..."

"இந்தக் கார் சத்தம் போடுதா?"

"ஐயா?"

"முந்தியெல்லாம் பக்கத்துல போய் நின்னாக்கூட எவனுக்கும் தெரியாது. இப்ப கசிப்புக் காய்ச்சுற அந்த ஆத்தோரத்துக்கு எத்தன தடவ போனாலும் அடுப்பு மட்டும் சுடுது, ஆளக் காணோம். மலையிலயே பெரிய காய்ச்சல் அங்கதான் நடக்குது. இந்த மாசத்துக்குள்ள புடிக்கலன்னா என்னைய மன்னாருக்கு மாத்திருவாங்க. எங்கயோ கிரீச்சுன்னு கேக்குது போல. நல்லாக் கழட்டிப் பாரு."

வினோஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது. அடடா, டீச்சரும் இல்லை, நர்ஸும் இல்லை! மனுஷன் ராப்பகலாக ஆற்றங்கரையில் அல்லவா காவல் கிடந்திருக்கிறார்! தங்கமான ஆளைப் போய் அந்த அக்கா இப்படிச் சந்தேகப்படலாமா? இன்றைக்கே பேசி இரண்டு பேரையும் சேர்த்துவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. நாகலெட்சுமி அக்காதான். காருக்குப் பின்னால் ஓடிப்போய்க் குந்திக்கொண்டு எடுத்தான்.

"அக்கா, அண்ணன் சொக்கத் தங்கம்! இப்ப இங்கதான்..."

"தெரியுது தம்பி, உங்க கராஜ்லதான் நிக்கிறதாக் காட்டுது." அக்காவின் குரலுக்குப் பின்னால் ஆறு சலசலத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் அவரப் புடிச்சு வைங்க தம்பி, பானை இப்பத்தான் வடியத் தொடங்குது."