கையெழுத்து மட்டும் கலைவாணனுடையது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் மொத்தம் நாலு பேர். முதல் பெஞ்சில் நர்சிங் படிக்கும் கார்குழலி. அவளுக்குப் பின்னால், பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலவன். ஜன்னலோரம் தனி நாற்காலியில் நாற்பத்து நாலு வயதுக் கலைவாணன். பலகையை மறைக்காமல் ஓரமாக நின்றிருந்தாள் ஜோவிதா டீச்சர்.

நெல்லித்தோப்பில் ஒரு செல்போன் கடை மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு அது. வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு இங்கிலீஷ் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் டீச்சர். கேன், மே, மஸ்ட் வந்தால் அடியில் கோடு. ஐ, யூ, இட் வந்தால் வட்டம். டு, இன், ஃபார் வந்தால் கட்டம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்று பிடிபட்டால் பாதி இங்கிலீஷ் வந்த மாதிரி என்பாள்.

கார்குழலி ஒரு மருந்துப் பெட்டிச் சீட்டு கொண்டுவந்திருந்தாள். நிலவனிடம் பிரியாணிக் கடை நோட்டீஸ். கலைவாணன் நீட்டியது மூன்று கடிதங்கள், தேதிவாரியாக, ஃபைலில் கோத்தவை.

"ஒரு பிழை கெடையாது சார். இன்னிக்கி வந்ததுலயே இதான் நல்ல இங்கிலீஷ்" என்றாள் டீச்சர். கலைவாணனுக்கு உச்சி குளிர்ந்தது.

தமிழில் என்றால் அவனே தெருவுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன். ஆனால் மேட்டுப்பாளையத்தில் அவன் வேலை பார்க்கும் பாட்டில் மூடி கம்பெனியில், ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கிலீஷில்தான் கடிதம் கேட்பார்கள். தேர்வானவன் ரெண்டு வருஷம் ஓசூர் யூனிட்டில் இருக்க வேண்டும். பதினாறு வருஷமாக ஒரே மெஷின் முன்னால் நிற்கிற கலைவாணனுக்கு அந்தப் பதவி ஒன்றுதான் கனவு.

கடிதத்தை எழுதித் தருகிறவன் ஸ்டோர்ஸில் இருக்கும் டோனி. ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. எழுதி நீட்டுவான், கலைவாணன் கையெழுத்துப் போடுவான். கூட்டாளி எழுதியதைப் படித்துப் பார்ப்பது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி என்று நினைக்கிறவன். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து ஃபைலில் வைப்பதோடு சரி.

மூன்று வருஷமும் பட்டியலில் பெயர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்கிற வாய் அவனுக்கு இல்லை. இங்கிலீஷ் பேச வராததுதான் குறை என்று அவனாக முடிவு பண்ணி வகுப்பில் சேர்ந்தான்.

ஜோவிதா டீச்சர் முதல் கடிதத்திலிருந்து ரெண்டு வரியைப் பலகையில் எழுதினாள். 'ஐ கேனாட் கோ டு ஓசூர். யூ மே கிவ் இட் டு அதர்ஸ்.' கோடு, வட்டம், கட்டம் எல்லாம் போட்டு முடித்தவள், ஏதோ தோன்றித் திரும்பினாள்.

"நல்ல போஸ்ட்டாச்சே. ஏன் சார் வேணாம்னு எழுதிட்டீங்க?"

"நெல்லித்தோப்ப விட்டா சாருக்குத் தூக்கம் வராது மிஸ்" என்றான் நிலவன்.

கலைவாணன் சிரிக்கவில்லை. மற்ற ரெண்டு கடிதங்களையும் எடுத்து, விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகக் கூட்டினான். மூன்றிலும் அதே சங்கதி. எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள். கீழே அவனுடைய அழகான கையெழுத்து. போன வருஷம் அந்தப் பதவி யாருக்குப் போனது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டோனியின் மச்சான் கிறிஸ்துதாஸுக்கு.

வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மனைவி பாக்கியலட்சுமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நேரில் போய் டோனியைக் கேட்கவும் பிடிக்கவில்லை. தோளில் கை போட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து மழுப்பிவிடுவான்.

எந்த மொழியில் கழுத்தை அறுத்தானோ அந்த மொழியிலேயே எழுதுவது என்று உட்கார்ந்தான். ரெண்டு நாள் ஆனது. 'யூ மஸ்ட் நாட் கம் டு மை ஹவுஸ். ஐ வில் நாட் டாக் டு யூ.' அடித்தல் திருத்தல் இல்லாமல் எடுத்து எழுதி, நாலாக மடித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, தையல் கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்த பாக்கியலட்சுமிதான் கவருக்குப் பசை தடவி ஒட்டிக் கொடுத்தாள். வெறும் கவர். விலாசத்தைத் தபாலாபீசில் எழுதிக்கொள்வதாகச் சொன்னான்.

"இந்த வருசம் நீங்களே எழுதிட்டீங்களா? டோனி அண்ணன்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டுப் போடலாமில்ல" என்றாள்.

இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

தபாலாபீஸ் வாசலில் அவள் ஸ்கூட்டரோடு நின்றாள். கலைவாணன் உள்ளே போய், பின்கோடு வரை நிறுத்தி எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டு வந்தான். சிவப்புப் பெட்டியில் கவரைப் போட்டான். அது அடியில் போய் விழுகிற சத்தம் கேட்டது.

"கம்பெனிக்குத்தானே?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல. டோனிக்கு."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். மூன்று வருஷம், மூன்று கடிதம், மச்சானுக்குப் போன பதவி. இனிமேல் டோனி நம் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று இங்கிலீஷிலேயே எழுதிவிட்டேன் என்றும் சொன்னான்.

பாக்கியலட்சுமி ஸ்கூட்டரை அப்படியே ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தபால் பெட்டியிடம் ஓடினாள். அதன் வாய்க்குள் கையை விட்டாள். வளையல் இடித்தது, மணிக்கட்டைத் தாண்டி இறங்கவில்லை.

கையை வெளியே எடுக்காமல், அவன் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஓசூர் வேணாம்னு டோனி அண்ணன எழுதச் சொன்னதே நான்தாங்க."