இருக்கிறதிலேயே பெருசு

வில்லியனூர்ச் சந்தையில் வெயில் சாய்கிறது. கோணிமேல் குவிந்துகிடக்கும் பழைய பட்டாளத்துப் பூட்ஸுகளின் முன்னால் சூசைநாதன் குந்தியிருக்கிறான். ஆலையில் பாய்லர் சாம்பல் இழுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் பூட்ஸ் போடாதவன் நாளைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். தையலை நகத்தால் நெருடுகிறான், அடித்தோலை வளைத்துப் பார்க்கிறான். வலது காலில் மாட்டியது அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. இடது காலை வேட்டிக்குள் இழுத்து வைத்திருக்கிறான். “இன்னாபா, ஒத்தக் காலுக்கா வாங்கப்போற? அதையும் போட்டுப் பாரு” என்கிறார் கடைக்காரர். மனைவி தனக்கொடி வேட்டியை விலக்குகிறாள். யானைக்கால். கயிறு முழுவதையும் உருவிவிட்டு, பூட்ஸின் வாயை அகட்டிப் பிடிக்கிறாள். விரல்கள் நுழைகின்றன, புறங்கால் நுழையவில்லை. “இதவிடப் பெருசு இல்லியாண்ணே?” “இருக்கறதுலயே இதான் பெருசு.” “எண்ண போட்டா தோலு எளகும்ல?” “தோலு எளகும்மா” என்கிறார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. சந்தைக் கூட்டம் கலைந்துகொண்டிருக்கிறது. சூசைநாதன் எழுந்து, வலது காலை மண்ணில் ஊன்றி ஒருமுறை அழுத்தி மிதிக்கிறான். “கெட்டி சாமான்” என்கிறான். தனக்கொடி அந்தப் பூட்ஸின் கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிகிறாள். “இருடி, கொஞ்ச நேரம் கெடக்கட்டும்.”