முன்ன மாதிரி

"முன்ன மாதிரி இல்ல டாக்டர்" என்று அவள் சொன்னதும், மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கட்டட வேலைகளுக்கு மேஸ்திரியாக இருந்த அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஒரு வருடம் ஓடிவிட்டது. எவ்வளவு தேறியிருக்கிறான் என்று அளந்து பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள்.

முதலில் அவனைச் சோதித்தார்கள். தரையில் போட்டிருந்த கோட்டின் மேல் தடுமாறாமல் நடந்தான். மருத்துவர் சொன்ன சொற்களில் பாதியைத் திருப்பிச் சொன்னான், மீதிக்கு மன்னிப்புக் கேட்டான்.

மூக்கைத் தொடச் சொன்னார்கள். அவன் கையைத் தூக்கியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். இடம் நெருக்கடியாக இருக்கிறது என்று மருத்துவர் அவள் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னார்.

பிறகு அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு வீட்டாரைக் கேட்கத் தொடங்கினார். கூட வந்திருந்த நாத்தனார்தான் முந்திக்கொண்டாள். தம்பியைத் தனியே கடைக்கு அனுப்பினால் வழி தெரியாமல் நிற்கிறான், இனி அவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று புலம்பினாள்.

"அவன் பைக் சத்தம் கேட்டாலே வீடு கப்சிப்னு ஆயிடும். அவ்வளவு கம்பீரமா இருந்தவன் டாக்டர்" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

மனைவி அழவில்லை. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"சாப்பாடு எப்படி?"

"உப்பு கூடினாலும் குறைஞ்சாலும் பேசாம சாப்பிட்டுடுவாரு."

"முன்னாடி?"

"அப்படி இல்ல."

சுவை மழுங்கியிருக்கலாம் என்று மருத்துவர் தட்டச்சு செய்தார்.

"நாள் பூரா என்ன பண்றாரு?"

"பாப்பா கலரடிச்சா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பாரு. பென்சில் சீவிக் குடுப்பாரு."

"இதுவும் புதுசா?"

அவள் தலையாட்டினாள். சுறுசுறுப்புக் குறைவு என்று அதுவும் ஏறியது.

கடைசியில் மருத்துவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். முழுசாகக் குணமாவதை எட்டாவது படி என்று வைத்தால், போன தடவை நின்ற அதே ஐந்தாவது படியில்தான் இந்தத் தடவையும் நிற்கிறான். இந்த மாதிரிக் காயத்தில் உடம்பு தேறினாலும் சிலருக்குக் குணம் மாறிப்போவது உண்டு என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"பழைய ஆளா திரும்பி வர வாய்ப்பிருக்கா டாக்டர்?"

மருத்துவர் மேஜைக்கு மேல் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசை விட்டுடாதீங்கம்மா. நாள் ஆக ஆக பழையபடி ஆனவங்களும் இருக்காங்க. மருந்தை மாத்திப் பார்ப்போம்."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது சாத்தித்தான் இருந்தது. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்படித் தெரிஞ்சா எனக்கு மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிடுங்க டாக்டர், பாப்பாவைக் கூட்டிட்டு எங்கயாவது போயிடணும்."