மூன்றாம் வளைவு

மருதாசலம் மண் தடத்தில் பந்தய பைக் ஓட்டியது இருபத்திரண்டு வருடம். பிரேக்கே இல்லாத வண்டி அது. வளைவில் இடது காலை ஊன்றி, பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திருப்ப வேண்டும். அவர் ஓய்வு பெற்ற அன்றே கிளப் அவருடைய ஓட்டத்தை அச்சுப் பிசகாமல் கணினியில் நகலெடுத்துக்கொண்டது. இப்போது கோவை மைதானத்தில் ஆளில்லாத வண்டிதான் அவர் பெயரில் ஓடுகிறது.

வியாழக்கிழமை கிளப்பின் பொறியாளர் நிவேதிதா போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, உங்க வண்டி மூணாவது வளைவுல மட்டும் சுத்துக்குச் சுத்து வேகம் குறைஞ்சுது. உங்க பழைய ஓட்டத்துலயும் அப்படியேதான் இருந்துச்சு. என்ன காரணமுங்க?"

அவருக்கே அது இன்றைக்குத்தான் தெரியும்.

"அங்கதான் எம்பட வீட்டுக்காரி உக்காருவா, அம்மணி. ஒருக்கா நான் அங்க விழுந்ததிலிருந்து முந்தானையால கண்ணைப் பொத்திக்குவா. முந்தானையை எடுத்துட்டாளான்னு மெதுவாப் பார்த்திருப்பேனாட்ட இருக்குது." குரல் தாழ்ந்தது. "அவ போயி ரெண்டு வருசமாச்சு. அதை மட்டும் அப்படியே உட்டுருங்க."



"நேத்தே சரிபண்ணிப் பழசை அழிச்சாச்சுங்கண்ணா," என்றாள் நிவேதிதா. "காரணம் எழுதி வைக்கத்தான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் மனைவியின் இருக்கையில் போய் உட்கார்ந்தார். வண்டி வந்தது. துளியும் தயங்காமல் அவர் முகத்தில் மண்ணை வாரியடித்துவிட்டுப் போனது. கூட்டம் எழுந்து நின்று, "மருதாசலம்! மருதாசலம்!" என்று கத்தியது.

அடுத்த சுற்றில் வண்டிச் சத்தம் கிட்டே வந்தபோது, அவர் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.